முக்கால் நூல்

யாழ்ப்பாணத்தைப் பார்க்க வருகின்றவர்கள் கோட்டையைச் சுற்றி வருகிறார்கள், நல்லூரிலே கும்பிடுகிறார்கள், 1981ஆம் ஆண்டில் எரியுண்டு பின்னர் மீள எழுந்த நூலகத்தின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் அவ்வாறு நிற்கும்போதே அவர்களுக்குப் பின்னால், வீதியோரமாக, அறுபது வயதைத் தாண்டிய மோட்டார் வண்டி ஒன்று தன்பாட்டிற் போய்க்கொண்டிருக்கும். அது ஒஸ்ரின் ஏ 40 ஆக இருக்கலாம்; ஒஸ்ரின் கேம்பிரிட்ஜாகவோ மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டாகவோ இருக்கலாம்; மொரிஸ் மைனராகவும் இருக்கலாம். பிற நாடுகளில் இத்தகைய வண்டிகளைக் காட்சிச்சாலையிலே பூட்டிவைத்துக் காசு வாங்கிக்கொண்டு காட்டுவார்கள். இங்கே அவற்றில் வாழைக்குலை போகிறது. கலியாண மாப்பிள்ளையும் போகிறார்.

இதனைப் பழமைப் பற்று என்று சிலர் புகழ்வதுண்டு. அப்புகழ்ச்சியை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. டாக்குத்தரும், பிரக்கிராசியாரும், மலாயாப் பென்சன் பெற்றவரும், கொழும்பிலே கிளாக்கர் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவரும் 1950களில் இவ்வண்டிகளை ஆசையோடு வாங்கினார்கள். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி இறுகிற்று. 1977இல் கதவு திறந்தபோது, பழையதை விற்றுப் புதியது வாங்கத் தெற்கே அவகாசம் இருந்தது. வடக்கிலோ சில ஆண்டுகளுக்குள் போர் வந்துவிட்டது. 1990இல் வந்த பொருளாதாரத் தடை பெற்றோலை மருந்துப்பொருள்போல் ஆக்கிற்று. சிறிய போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை ஊட்டி எஞ்சினை உசுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடும் வித்தையைக் குடாநாடு அப்போது கற்றுக்கொண்டது. புதிய எஞ்சின்கள் செரிக்க மறுத்ததை இந்த ஆங்கிலக் கிழங்கள் கரும்புகை கக்கிக்கொண்டு குடித்தன. வேறு வழியில்லாத காரணத்தால் வைத்துக்கொண்டோம் என்பதே உண்மை. வைத்துக்கொண்டபின் பற்று வந்தது.

இவ்வண்டிகளுக்கும் இந்த மண்ணுக்கும் வேறொரு பொருத்தமும் உண்டு. கண்டியிலோ நுவரெலியாவிலோ வண்டி ஓட்டுகின்றவன் சுக்கான் வளையத்தை ஒரு கணமும் ஓயவிட முடியாது. இப்பக்கம் ஒரு வளைவு; அப்பக்கம் ஒரு வளைவு. ஆகவே வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதை அவன் அறிவதற்கே வாய்ப்புக் குறைவு. யாழ்ப்பாணம் தட்டையான ஊர். மலை இல்லை, ஆறு இல்லை. பண்ணையிலிருந்து தீவுப்பகுதிக்குப் போகும் தாம்போதியில் ஏறிவிட்டால் இருபுறமும் கடல். நடுவே ஒரு கோடுபோல வீதி. முன்சில்லுகளில் இம்மியளவு கோணல் இருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, வண்டியைப் பார்க்க ஏற்ற வீதி எங்கள் வீதி.

எனது தாய்மாமனிடம் உள்ள மொரிஸ் மைனர் 1958ஆம் ஆண்டு வண்டி, 948 சீ.சீ. எஞ்சின். பாட்டனார் வாங்கியது. மைனரின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். அது 1948இல் இலண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியிலே முதன்முதல் வெளிவந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி கட்டி முடிந்த பின்னர், அது ஒடுக்கமாய் இருப்பதாக அவருக்குப் பட்டது. உடனே அதனை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, இடையில் 4 அங்குலம் அகட்டினார். பம்பர்கள் முன்னரே செய்யப்பட்டுவிட்டமையால் நடுவிலே ஒட்டுத்துண்டு வைத்துச் சமாளிக்க நேர்ந்தது. கம்பெனித் தலைவரான நஃபீல்ட் பிரபு அவ்வண்டியை அவித்த முட்டைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார் என்பர். அந்த முட்டைதான் 1960 டிசெம்பரில் பத்து இலட்சமாவது வண்டியாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. பிரித்தானியக் கார்களில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே.

அகலத்தைவிட முக்கியமானது அதன் முன்புறம். பாரமான வில்லுத் தட்டுகளை விடுத்து, நீளமான முறுக்குக் கம்பி ஒன்றை ஒவ்வொரு பக்கத்துக்கும் வைத்தார் இசிகோனிஸ். சில்லு மேலெழும்போது அக்கம்பி முறுகும். முறுக்கு அவிழும்போது சில்லு இறங்கும். சுக்கானுக்குப் பற்கள் வெட்டிய சட்டமும் பற்சில்லும். இந்த அமைப்பினால் அக்காலத்துச் சிறு வண்டிகளுள் மைனரைப்போலச் சொன்ன சொற்கேட்டுத் திரும்பும் வண்டி அருமை. மாமா இரண்டு விரல்களால் ஓட்டுவார். சிறுவனாக இருந்தபோது அதனைப் பார்த்து வியந்திருக்கிறேன்.

கடந்த சித்திரையில் அந்த இரண்டு விரல் இரண்டு கையாயிற்று. வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது.

முதலில் எவரும் பொருட்படுத்தவில்லை. நாம் வீதியின் இடப்பக்கமாக ஓட்டுகின்ற நாட்டினர். மழைநீர் வடிவதற்காக வீதிகளை நடுவில் உயர்த்தி ஓரங்களில் தாழ்த்திப் போடுகிறார்கள். ஆகவே எந்த வண்டியும் சற்று இடப்பக்கம் சரியப் பார்ப்பது இயல்பு. ஆனால் மாமாவின் வண்டி சரியவில்லை. கயிறு கட்டி இழுத்தாற்போல் போயிற்று. வலப்பக்க முன்ரயரின் உள்விளிம்பு வழுக்கையாகிக்கொண்டு வந்தது. மாமாவுக்கு வயது எண்பத்திரண்டு. இலண்டனில் இருக்கும் அவரது மகள் தொலைபேசியில் ஒரே பாட்டாகப் பாடினாள்: வண்டியை விற்றுவிடுங்கள், எங்காவது போவதென்றால் வான் பிடித்துப் போங்கள் என்று. வாங்குவதற்கும் ஆள் இருந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் ஓடுகின்ற எதற்கும் விலை ஏறியிருந்தது. 2025இல் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தபோதிலும் பழைய மைனர்களைத் தேடித் தெற்கிலிருந்து ஆட்கள் வருவது நின்றுவிடவில்லை.

மாமா ஒரு தவணை கேட்டார். ஆனி மாதம் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் மகோற்சவம். மாமியோடு தம் வண்டியிலேயே குறிகட்டுவான் துறைமட்டும் போய்வந்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறினார். பண்ணைத் தாம்போதி ஒன்று, வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் நெடுந்தாம்போதி மற்றொன்று. இரண்டிலும் இரு பக்கமும் கடல். இழுக்கின்ற வண்டியில் எண்பத்திரண்டு வயதுக்காரர் போகும் வழி அதுவன்று என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். அவ்வாறாயின் இழுப்பை நிறுத்துங்கள் என்றார் அவர்.

நகரிலே புதிதாக அமைந்த நிலையம் ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் உள்ள இடம். நான்கு சில்லுகளிலும் தட்டுக்களைப் பூட்டி, எதிரே நிற்கும் இரண்டு கமராக்கள் அவற்றைப் பார்த்து அளந்து கணினித் திரையிலே காட்டுகின்றன. சரியான அளவு பச்சை நிறம், பிழையானது சிவப்பு. வேலை செய்த இளைஞர் பணிவும் சுறுசுறுப்பும் உள்ளவர். கணினியின் பட்டியலில் மொரிஸ் மைனர் இல்லை. மாமா வீட்டிலிருந்து வண்டியின் கைநூலைக் கொண்டுவந்திருந்தார். அதிலுள்ள அளவுகளை இளைஞர் கையால் பதிந்துகொண்டார். அளந்தபோது இடப்பக்கம் பச்சை. வலப்பக்கம் சிவப்பு. இளைஞர் வண்டியின் கீழே படுத்துச் சாவியோடு தேடினார். சிவப்பைப் பச்சையாக்குவதற்குத் திருப்பவேண்டிய ஆணி எதுவும் அங்கே இல்லை. இருந்ததெல்லாம் சில்லுகளின் உள்நோக்கைக் கூட்டிக் குறைக்கும் தண்டுகள் மட்டுமே. அவற்றைத் திருத்திவிட்டார். வண்டி முன்போலவே இழுத்தது. இளைஞர் காசு வாங்க மறுத்து, அளவுகள் அச்சடித்த தாளை எங்கள் கையில் தந்தார்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் கொக்குவிலுக்குப் போனோம்.

கொக்குவில் புகையிரத நிலையத்துக்கு அப்பால் ஓர் ஒழுங்கை. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் போரிலே காணாமற்போய், வெறும் மண்மேடாய்க் கிடந்த அந்தப் பாதையில் 2015 முதல் காங்கேசன்துறைவரை மறுபடியும் வண்டி ஓடுகிறது. கடவையைத் தாண்டினால் ஒரு பக்கம் புதிய மதில்கள். மறுபக்கம் இன்னும் கிடுகு வேலி. வேலிக்குள்ளே பெரிய மாமரம். அதன் நிழலில் தகரக் கொட்டில். பெயர்ப்பலகை இல்லை, தேவையும் இல்லை. வாயிலில் எப்போதும் இரண்டு மூன்று ஏ 40கள் மூக்கைத் திறந்துகொண்டு நிற்கும். கொட்டிலின் உள்ளே சுவரெங்கும் ஆணி அடித்துத் தொங்கவிட்ட பழைய பாகங்கள். ஒவ்வொன்றிலும் நூலிற் கட்டிய கடதாசித் துண்டு. அதில் வண்டியின் பெயர், ஆண்டு. எனது கல்லூரி ஆய்வுகூடத்தில் இந்த ஒழுங்கு இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டிலில் ஓரிடம் மட்டும் சீமெந்து போட்டு வழுவழுப்பாக இருந்தது. அங்கே ஒரு கரண்டியைத் தானும் வைக்க விடமாட்டார் அந்தப் பெரியவர். அவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். அந்தத் தளத்தை ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துத் தாமே போட்டதாகச் சொன்னார். தளம் கோணினால் அளவெல்லாம் கோணும்.

தாளை நீட்டியபோது அவர் ஏளனம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் வாசித்தார். “நல்லாய் அளந்திருக்கிறான். நான் நூல் பிடிச்சு அரை நாளிலை கண்டுபிடிக்கிறதை இதிலை எழுதி வைச்சிருக்கிறான், மாஸ்ரர். ஆனால் மைனரிலை உதைத் திருப்ப ஏலாது. திருப்ப ஏலாத அளவு மாறினால் என்ன அர்த்தம்? ஏதோ தேஞ்சுபோச்சு, இல்லாட்டி வளைஞ்சுபோச்சு.”

முன்சில்லுகளின் நேர் என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று கோணல்களின் பெயர். இவற்றை வாசகர்கள் அறிந்துகொண்டால் கராச்சிலே ஏமாறாமல் இருக்கலாம். சில்லின் மேல்விளிம்பு வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதைக் கேம்பர் என்பர். மைனருக்கு அது 1 பாகை. சில்லு திரும்புகின்ற அச்சு, சைக்கிளின் முன்கவர்போலச் சரிந்திருப்பது காஸ்ரர். மைனருக்கு 3 பாகை. அந்தச் சரிவினால்தான் சைக்கிளைக் கைவிட்டும் ஓட்டலாம். வண்டியின் சுக்கானும் திரும்பிய பின்னர் தானாக நேருக்கு வரும். மூன்றாவது, இரு சில்லுகளின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிடச் சற்றே நெருங்கியிருக்கும் உள்நோக்கு. ஓடும்போது வீதியின் உராய்வு சில்லுகளை விரிக்கப் பார்க்கும். முன்கூட்டியே சிறிது நெருக்கி வைத்தால் ஓட்டத்தில் அவை நேராகும்.

இம்மூன்றில் உள்நோக்கு ஒன்றையே மைனரில் நாம் கூட்டிக் குறைக்கலாம். மற்றவை தொழிற்சாலையில் அமைந்தவை அமைந்தவையே. உள்நோக்குப் பிழைத்தால் ரயர் அரம்போலத் தேயும். ஒரு பக்கமாகத் தடவினால் கை வழுக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் கீறும். ஆனால் வண்டி ஒரே பக்கம் இழுப்பதற்கு அது பெரும்பாலும் காரணமாகாது. பிழையை இரு சில்லுகளும் பங்கிட்டுக்கொள்ளும். கேம்பர் அவ்வாறன்று. சிறுவர்கள் உருட்டும் வளையம் சாய்ந்த பக்கத்துக்கே வளைந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சில்லும் அப்படியே தான் சாய்ந்த பக்கம் போகப் பார்க்கும். இரண்டும் ஒரே அளவு வெளியே சாய்ந்திருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றது தடுக்கும். மாமாவின் வண்டியில் இடப்பக்கச் சில்லு ஒழுங்காக 1 பாகை வெளியே சாய்ந்திருந்தது. வலப்பக்கச் சில்லு அரைப் பாகை உள்ளே சாய்ந்துவிட்டது. தடுக்க ஆளில்லாமல் இடப்பக்கம் வென்றது. வண்டி இடப்பக்கம் இழுத்தது, நோயோ வலப்பக்கத்தில்.

பெரியவர் வலப்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சில்லின் மேலும் கீழும் கை வைத்து அசைத்தார். கடக் என்றது. “பிரேக்கை மிதியுங்கோ ஐயா” என்று மாமாவுக்குச் சொல்லிவிட்டு மறுபடி அசைத்தார். பிரேக்கை மிதித்தால் சில்லும் அதன் அச்சும் ஒன்றாக இறுகிவிடும். பெயாரிங்கில் ஆட்டம் இருந்தால் அது அடங்கும். அடங்கவில்லை. ஆகவே பெயாரிங் குற்றவாளியன்று. மேற்புறத்திலே சில்லைத் தாங்குவது எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கியின் கை, அதிலும் ஆட்டமில்லை. எஞ்சியது கீழ்ப்புறத்து ட்ரனியன்.

மைனரின் பலவீனம் இந்த ட்ரனியன்தான் என்று அவ்வண்டியை அறிந்தவர் யாவரும் சொல்வர். முன்சில்லு திரும்பும் தூண், மேலும் கீழும் புரி வெட்டப்பட்டு இரு பித்தானங்கள் போன்ற உலோகத் துண்டுகளுக்குள் நிற்கிறது. சுக்கானைத் திருப்பும்போதெல்லாம் தூண் அப்புரிக்குள் திருகி ஏறி இறங்குகிறது. வலப்பக்கத்ததற்கு வலம்புரி, இடப்பக்கத்ததற்கு இடம்புரி. சங்கு எடுத்த கடல் சூழ்ந்த ஊராருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடித்துவந்தால் பல காலம் நிற்கும். அடியாமல் விட்டால் புரி தேயும். புரி முற்றாகத் தேய்ந்த நாளில் தூண் கழன்று சில்லு மடிந்து, வண்டி முழந்தாளிடும். பெரும்பாலும் மெதுவாக ஓடித் திரும்பும்போதே இது நிகழும் என்பது ஓர் ஆறுதல். பெரும்பாலும் என்ற சொல்லை நம்பித் தாம்போதியில் ஏற யார் துணிவார்?

கழற்றி எடுத்த துண்டைத் துணியால் துடைத்து வெளிச்சத்திலே காட்டினார். ஒரு பக்கத்தில் புரி இருந்தது. மறுபக்கத்தில் இருந்த இடம் மட்டும் தெரிந்தது. மாமா அதனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். “தொண்ணூற்றைந்தாம் ஆண்டு” என்றார்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் சனம் அடுக்கி வைத்தாற்போல் நகர்ந்தது. மாமாவின் மைனரில் பாட்டியாரும், நடக்க முடியாத அயலவர் மூவரும், அரிசி மூட்டையும், மேலே கட்டிய பெட்டிகளும் இருந்தன. நடக்கின்ற கூட்டத்தோடு வண்டியும் இரவு முழுவதும் நடந்தது. ஓர் அடி போகும், நிற்கும். பள்ளத்தைக் கண்டு திரும்பும், நிற்கும். அந்நாளில் கிறீஸ் ஏது? “அந்தக் காலத்து வண்டியெல்லாத்திலையும் உந்தக் காயம் இருக்கு. நல்ல தூண், ஐயா, இவ்வளவு காலம் தாங்கியிருக்கு” என்றார் பெரியவர். அவர் அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

புதிய தூணும் ட்ரனியனும் வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்தார் ஒருகாலத்தில் இவ்வண்டிக்குரிய உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்வித்து அங்கே கொண்டுபோனார்கள் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் அவசரத்துக்கு அது உதவவில்லை. இலண்டன் மகளுக்கே மாமா எழுதினார். விற்கச் சொன்னவள் இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவற்றை வாங்கி விமானத் தபாலில் அனுப்பிவைத்தாள். மூன்று கிழமையில் வந்து சேர்ந்தன. பொதியின் மேலே அவள் எழுதியிருந்த வாசகம் குடும்ப விஷயம், அதை விட்டுவிடுவோம்.

பாகங்கள் பூட்டி முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நூல் பிடித்தார்கள். அன்று கணினி நிலையத்து இளைஞரும் வந்திருந்தார். சிவப்புப் பச்சையாகாத காரணத்தை அறியவேண்டும் என்று அவரே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வந்தவர். பெரியவர் அவர் கையில் நூற்பந்தின் ஒரு முனையைக் கொடுத்து, “பிடி தம்பி” என்றார்.

முதலில் முன்சில்லுகளுக்கு 22 இறாத்தல் காற்று. பின் வண்டியின் முன்புறத்தை அமுக்கி அமுக்கி விட்டு, சிறிது தூரம் முன்னும் பின்னும் உருட்டி, முறுக்குக் கம்பிகளைத் தம் இயல்பான நிலையில் அமரச் செய்தார்கள். தூக்கிய வண்டியை இறக்கியவுடன் அளப்பவன் பொய்யையே அளப்பான். அடுத்து வலப்பக்க ரிம்மின் அருகே தூக்குநூல் தொங்கவிட்டார். ரிம்மின் கீழ்விளிம்பைவிட மேல்விளிம்பு சுமார் இரண்டு நூல் வெளியே நின்றது. தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 14 அங்குல ரிம்முக்கு 1 பாகைச் சாய்வு ஏறக்குறைய அவ்வளவே. சாய்வு திரும்பி வந்துவிட்டது. ஆணி எதையும் திருப்பாமலே வந்தது.

பின்னர் வண்டியின் இரு மருங்கும், சில்லின் நடுவுயரத்தில், முன்னும் பின்னும் நாட்டிய முக்காலிகளில் நூல் இழுத்துக் கட்டினார்கள். நான்கு சில்லுகளின் நடுவிலிருந்தும் நூல் நிற்கும் தூரத்தை அளந்து, இரண்டு நூலும் வண்டிக்கும் ஒன்றுக்கொன்றும் நேராகும்வரை நகர்த்தினார்கள். மைனரின் பின்சில்லுகள் முன்சில்லுகளைவிடச் சற்றே நெருங்கியவை. அதையும் கணக்கிற் கொள்ளவேண்டும். இதற்கே ஒரு மணிநேரம் சென்றது. நூல் அமைந்த பிறகு சுக்கானை நேராக்கிக் கட்டிவிட்டு, ரிம்மின் முன்விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி, பின்விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி என்று பக்கம் பக்கமாக அளந்தார். அதன்பின் வண்டியை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்தார். ரிம் எங்காவது நெளிந்திருந்தால் அந்தப் பொய் இரண்டாம் அளவையில் வெளிப்பட்டுவிடும்.

“எவ்வளவு வைக்கோணும்?” என்று பெரியவர் இளைஞரைக் கேட்டார். இளைஞர் கைநூலைப் பார்த்து, அங்குலத்தில் முப்பத்திரண்டில் மூன்று பங்கு, மில்லிமீற்றரில் 2.4 என்றார்.

“முக்கால் நூல்” என்றார் பெரியவர்.

கணக்குச் சரிதான். எட்டில் ஒன்றின் முக்காற் பங்கு, முப்பத்திரண்டில் மூன்று. ஒக்ஸ்போர்ட்டின் கைநூலில் உள்ள அளவு எங்கள் ஊர்த் தச்சன் வாயில் இவ்வளவு சுருக்கமாக அடங்குவதைக் கேட்டபோது, பள்ளிக்கூடத்தில் பின்னம் கற்பிக்கப் படும் பாடு நினைவுக்கு வந்தது.

இரு பக்கத் தண்டுகளையும் ஒரே அளவு திருப்பவேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினாலும் உள்நோக்குச் சரியாய் வரும். ஆனால் வண்டி நேராக ஓடும்போது சுக்கான் வளையம் கோணி நிற்கும். அப்படிக் கோணிய வளையத்தோடு ஓடும் வண்டிகளை இவ்வூரிலே நாள்தோறும் காண்கிறேன். அவசர வேலையின் முத்திரை அது. இளைஞர் வலப்பக்கம், பெரியவர் இடப்பக்கம்; கால் சுற்று, பிறகு அரைக்கால் சுற்று. மூன்று தடவை அளந்த பின்னரே பூட்டுச் சுரைகளை இறுக்கவிட்டார்.

ஓட்டிப் பார்ப்பதற்குப் பண்ணைத் தாம்போதிக்குப் போவோம் என்றார் மாமா. பெரியவர் மறுத்தார். அது சோளகக் காலம். தாம்போதியில் அந்தக் காற்று வண்டியைப் போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் தள்ளும். காற்றின் வேலையையும் சில்லின் வேலையையும் பிரித்தறிய முடியாது. மறுநாள் விடியற்காலை, காற்று எழும்புமுன், வாகனம் இல்லாத பலாலி வீதியில் ஓட்டினார்கள். வீதியின் நடுமுதுகிலே வண்டியை ஏற்றி, மாமா வளையத்தை விட்டுக் கைகளை மடியில் வைத்தார். பின்னால் இருந்த நான் மனத்துக்குள் நாகபூஷணியை அழைத்தேன். வண்டி நடுமுதுகைவிட்டு இறங்கவில்லை. பிறகு இடப்பக்கச் சரிவில் ஓட்டினார். மெல்ல, மிக மெல்ல, ஓரத்தை நாடிற்று. “அது வீதியின்ரை குணம், வண்டியின்ரை இல்லை” என்றார் பெரியவர்.

ஆனிமாதத்துத் திருவிழாவுக்குப் போனோம். கோட்டையைக் கடந்து தாம்போதியில் ஏறியதும் சோளகம் வந்து மோதியது. ஆழமற்ற கடல் சிற்றலையாய் நரைத்துக் கிடந்தது. இறால் கூடுகளின் கம்புகள் வரிசையாக நின்றன. காற்று பலமாய் வீசும்போது மாமாவின் இரண்டு விரலும் வளையத்தில் இலேசாக அசைந்தன. வீச்சுத் தணிந்ததும் வண்டி தானாகவே நேருக்கு வந்தது. அது காஸ்ரரின் 3 பாகை என்று மாமிக்கு விளக்க முயன்றேன். அவர் தேங்காய்ப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “பேசாமல் வா தம்பி” என்றார். அல்லைப்பிட்டியின் பனைகளும் வேலணையின் தோட்டங்களும் பின்னே போயின. புங்குடுதீவுத் தாம்போதியில் எதிரே பேருந்து ஒன்று வந்தது. தெற்கிலிருந்து நாகவிகாரைக்கு வந்து திரும்புகின்ற யாத்திரிகர்கள். ஒடுங்கிய வீதி. மாமா வேகத்தைக் குறைத்து ஓரத்திலே சரியாக ஒரு கோட்டில் வண்டியை நிறுத்தி வழிவிட்டார். பேருந்துச் சாரதி பழைய வண்டியைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டுப் போனார்.

குறிகட்டுவானில் வாகனங்கள் நிறைந்திருந்தன. நிழல் தேடி வண்டியை விட்டபின் மாமா இறங்கி முன்புறம் வந்தார். குனிந்து வலப்பக்க ரயரை உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவினார். இடப்பக்கத்துக்கும் போய் அவ்வாறே செய்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கார்த்திகைக்குள் கிறீஸ் அடிக்கவேண்டும் என்பதை எனக்கு நினைவுபடுத்தச் சொன்னார். துறையில் இயந்திரப் படகுக்காரர் கூவி அழைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியின் பையை நான் வாங்கிக்கொண்டேன்; மூவரும் படகில் ஏறினோம்.